இரண்டு அதிபர்கள் பிறந்த இரண்டு மரவீடுகள்: குவின்சியைப் பார்க்க முழுமையான வழிகாட்டி

பாஸ்டனுக்குத் தெற்கே குவின்சி என்ற ஊரில், ஃபிராங்க்ளின் தெருவில், 75 அடி இடைவெளியில் இரண்டு பழைய மரவீடுகள் நிற்கின்றன. ஒன்றில் 1735-இல் ஜான் ஆடம்ஸ் பிறந்தார். அமெரிக்காவின் இரண்டாவது அதிபர் அவர். பக்கத்து வீட்டில் 1767-இல் அவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் பிறந்தார். அவர் ஆறாவது அதிபர். இருவரும் பிறந்தபோது அமெரிக்கா என்றொரு நாடே கிடையாது. இந்த ஊர்கள் இருக்கும் மாசசூசெட்ஸ் அப்போது பிரிட்டிஷ் மன்னரின் குடியேற்றப் பகுதி. குவின்சி அப்போது பிரெயின்ட்ரீ என்ற ஊரின் ஒரு பகுதி.

பாஸ்டனில் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரும் விடுமுறைக்கு வரும் உறவினரும் ஹார்வர்டு, துறைமுகம், டீ பார்ட்டி கப்பல் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குவின்சி மெட்ரோ ரயிலிலேயே போய்விடக்கூடிய ஊர். ஆனால் எதைக் கவனிப்பது என்று தெரியாமல் போனால், தாழ்ந்த கூரையும் இருட்டு அறையும்தான் கண்ணில் படும். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள்.

அதனால் ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். இங்கே எது உண்மையிலேயே அந்தக் காலத்தது? வீடா, அது நிற்கும் இடமா, உள்ளே வைத்திருக்கும் பொருளா, நமக்குச் சொல்லப்படும் கதையா? தலைவர்கள் பிறந்த வீடு எதற்குப் போனாலும் இந்தக் கேள்வி வேலை செய்யும். குவின்சியில் அதற்குக் கிடைக்கும் பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முதல் படி: கிளம்புவதற்கு முன்

இந்த வீடுகள் ஆடம்ஸ் தேசிய வரலாற்றுப் பூங்காவைச் சேர்ந்தவை. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை நடத்துகிறது. உள்ளே நாமாகச் சுற்றிப் பார்க்க முடியாது. பூங்கா ஊழியரான ரேஞ்சர் ஒருவர் சிறு குழுவாக அழைத்துப்போவார். குளிர்காலத்தில் வீடுகள் மூடியிருக்கும். கோடையை ஒட்டிய மாதங்கள்தான் சரியான பருவம். திறக்கும் நாளும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், பூங்காவின் இணையதளத்தைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

கொஞ்சம் படித்துவிட்டுப் போவது இன்னும் முக்கியம். ஜானும் அவர் மனைவி அபிகெயிலும் எழுதிக்கொண்ட கடிதங்களில் 1,100-க்கு மேல் இன்று நம்மிடம் இருக்கின்றன. மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம் அவற்றை இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தந்திருக்கிறது. எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. மூன்று கடிதங்கள் போதும், மூன்றும் அபிகெயில் எழுதியவை.

பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போர் தொடங்கியிருந்த நேரம். 1775 மே 24-ஆம் தேதிக் கடிதத்தில், படைவீரர்கள் தங்க இடம் கேட்டும் காலை உணவு கேட்டும் குடிக்கக் கேட்டும் வீட்டுக்கு வந்துகொண்டே இருப்பதை எழுதுகிறார். பாஸ்டனிலிருந்து தப்பி வந்தவர்கள் ஒரு நாள், ஒரு வாரம் என்று தங்கிப் போகிறார்கள். அதே ஆண்டு ஜூன் நடுவில் எழுதிய கடிதத்தில், காங்கிரஸ் கூட்டத்துக்காக ஃபிலடெல்ஃபியாவில் இருக்கும் கணவரிடம் ஒரு கட்டு குண்டூசி வாங்கிவரச் சொல்கிறார். 7 ஷில்லிங் 6 பென்ஸுக்கு வாங்கிய ஊசி 20 ஷில்லிங் ஆகிவிட்டதாம், அந்த விலைக்கும் கிடைக்கவில்லையாம். மூன்றாவது, 1776 மார்ச் 31. புதிதாகச் சட்டம் எழுதும்போது பெண்களையும் நினைவில் வையுங்கள் என்று அவர் கேட்ட புகழ்பெற்ற கடிதம்.

நாட்டின் அரசியலும் குண்டூசி விலையும் ஒரே பெண்ணின் கையெழுத்தில், ஒரே வீட்டிலிருந்து போயிருக்கின்றன. அந்த வீட்டின் சமையலறையில்தான் நீங்கள் நிற்கப்போகிறீர்கள்.

போகும் முன் இன்னொரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். ஜான் ஆடம்ஸின் பிறந்தநாள் சில இடங்களில் அக்டோபர் 19 என்றும், சில இடங்களில் அக்டோபர் 30 என்றும் இருக்கும். இரண்டும் சரிதான். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் பழைய காலண்டரிலிருந்து புதியதற்கு மாறியது 1752-இல். அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆயிற்று. அதற்கு முன் பிறந்த தலைவர்கள் எல்லோருக்கும் இப்படி இரண்டு தேதி உண்டு. ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் பிப்ரவரி 11, பிப்ரவரி 22 என்று இரண்டு.

இரண்டாம் படி: போய்ச் சேர்வது

பாஸ்டன் மெட்ரோவின் ரெட் லைனில் ஏறுங்கள். ரயிலின் நெற்றியில் 'பிரெயின்ட்ரீ' என்று போட்டிருக்க வேண்டும். ரெட் லைன் தெற்கே போகும்போது இரண்டாகப் பிரியும். 'ஆஷ்மான்ட்' ரயிலில் ஏறிவிட்டால் வேறு திசைக்குப் போய்விடுவீர்கள். குவின்சி சென்டர் நிலையத்தில் இறங்குங்கள். பூங்காவின் பார்வையாளர் மையம் பக்கத்திலேயே ஹான்காக் தெருவில் இருக்கிறது.

அங்கிருந்து பிறந்த வீடுகளுக்கு அரை மணி நேர நடை. பருவத்தில் பூங்காவே டிராலி வண்டி விடுவதுண்டு. அந்த ஆண்டு ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயதானவர்களோடு போனால் வாடகைக் காரே நல்லது.

பார்க்கும் வரிசையையும் மாற்றாதீர்கள். முதலில் பிறந்த வீடுகள், அப்புறம் பிற்காலத்தில் குடும்பம் வாழ்ந்த பெரிய வீடு, கடைசியில் தேவாலயம். பெரிய வீட்டை முதலில் பார்த்துவிட்டால் இந்தச் சின்ன வீடுகள் எடுபடாமல் போய்விடும்.

மூன்றாம் படி: வெளியே நின்று வீட்டைப் படிப்பது

ரேஞ்சர் கதவைத் திறக்கும் முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து வாருங்கள். என்னைக் கேட்டால், பாதி விஷயம் வெளியேதான் இருக்கிறது.

பக்கவாட்டில் நின்று கூரையைப் பாருங்கள். முன்பக்கம் இரண்டு மாடி உயரம். கூரை சிறிதாக இறங்கி நின்றுவிடும். பின்பக்கம் அதே கூரை நீளமாகச் சரிந்து, தலைக்கு எட்டும் உயரம் வரை வந்துவிடும். இதற்கு 'சால்ட்பாக்ஸ்' வீடு என்று பெயர். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்து முழுக்க இந்த வடிவம் உண்டு. முதலில் கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை என்று கட்டுவார்கள். பிள்ளைகள் பெருகி, இடம் போதாமல் ஆனதும் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கிச் சமையலறையை அங்கே கொண்டுபோவார்கள். இரண்டு வீடுகளிலும் பின்பக்கச் சாய்ப்பைத் தேடிப் பாருங்கள். குடும்பம் வளர்ந்த கதை அந்தச் சரிவில் இருக்கிறது.

அடுத்து புகைபோக்கி. கூரையின் நட்டநடுவே, பெரிய செங்கல் தூணாக நிற்கும். வீட்டின் முக்கிய அறைகளுக்குக் கணப்பு உண்டு, எல்லாவற்றின் புகையும் இந்த ஒரே தண்டு வழியாகத்தான் வெளியேறும். குளிர் கடுமையான ஊர் என்பதால், சூடான செங்கல் வீட்டின் நடுவில் இருக்க வேண்டும் என்று இப்படிக் கட்டினார்கள். வர்ஜீனியா போன்ற தெற்குப் பகுதிகளில் புகைபோக்கியை வீட்டின் இரு முனைகளில் வைப்பது வழக்கம். வெயில் ஊரில் அந்தச் சூடு நடுவீட்டில் தேவையில்லை அல்லவா?

ஆண்டுக் கணக்குக்கு வருவோம். ஜான் ஆடம்ஸ் பிறந்த வீட்டுக்கு 1681 என்றும், மகன் பிறந்த வீட்டுக்கு 1663 என்றும் வழக்கமாகச் சொல்வார்கள். இப்படிப்பட்ட ஆண்டுகள் பெரும்பாலும் பழைய நிலப் பத்திரங்களை வைத்துச் சொல்லப்படுபவை. மரவீடு ஒரே நாளில் கட்டி முடிந்த பொருளாக நின்றுவிடுவதில்லை. பிரித்திருப்பார்கள், சேர்த்திருப்பார்கள், பழைய உத்தரத்தையே புதுச் சுவரில் மறுபடி போட்டிருப்பார்கள். வெளிப்பலகை, கூரைச் செதில், ஜன்னல் கண்ணாடி எல்லாம் பலமுறை மாறியிருக்கும். அதனால் பலகையின் பளபளப்பை வைத்து வயதைக் கணக்கிடாதீர்கள். மரச்சட்டமும் அது நிற்கும் இடமும்தான் சாட்சி.

இடத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டு வீடுகளும் அபூர்வமானவை. நகர்த்தப்படவில்லை. தங்கள் அஸ்திவாரத்தின் மேலேயே நிற்கின்றன. பாஸ்டனுக்கும் பிளிமத்துக்கும் இடையே போன பழைய கடற்கரைச் சாலையின் ஓரம் இது. இன்றும் பக்கத்தில் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. அமைதியான பண்ணை வீட்டை எதிர்பார்த்து வந்தவர்கள் அதைக் குறையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாலையோர வீடு என்பதால்தான் 1775-இல் அத்தனை படைவீரர்களும் அகதிகளும் இந்தக் கதவைத் தட்டினார்கள்.

நான்காம் படி: தந்தையின் வீடு

ஜான் ஆடம்ஸ் பிறந்த வீட்டை 1720-இல் வாங்கியவர் அவர் தந்தை. அவர் பெயரும் ஜான்தான். ஊரில் டீக்கன் ஜான் (டீக்கன் என்றால் தேவாலயப் பணிகளில் உதவும் பொறுப்பாளர்). விவசாயம் செய்தார், குளிர்காலத்தில் செருப்புத் தைத்தார், தேவாலயத்தில் டீக்கன், ஊர் நிர்வாகத்தில் பல பொறுப்புகள். மனைவி சுசன்னா பாய்ல்ஸ்டன். ஜான், பீட்டர், எலிஹு என்று மூன்று பையன்கள் இந்த அறைகளில் வளர்ந்தார்கள்.

உள்ளே போனதும் தலையை உயர்த்துங்கள். அறையின் குறுக்கே ஒரு பெரிய உத்தரம் ஓடும். அதன் கீழ் விளிம்புகளைச் சாய்வாகச் செதுக்கி மழுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். அக்காலத் தச்சர்கள் கண்ணுக்குத் தெரியும் உத்தரத்துக்குச் செய்த அலங்காரம் அது. வாய்ச்சியால் செதுக்கிய மரத்தில் ஆழமில்லாத பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் பார்த்தால் நன்றாகப் புலப்படும். சட்டங்கள் சேரும் மூலைகளில் கழுந்தைத் துளைக்குள் இறக்கி மரமுளை அடித்திருப்பார்கள். அந்தக் காலத்து வீடுகளின் மரச்சட்டத்தை நிறுத்தி வைத்திருப்பது அந்த மரமுளைகள்தான். கையால் தொட அனுமதி இருக்காது, கண்ணால் தேடுங்கள்.

தரைப்பலகையின் அகலத்தைக் கேட்க மறக்காதீர்கள். அகலமான பைன் பலகையைக் காட்டி, 'மன்னரின் மரம்' என்று ஒரு கதையைப் பழைய வீடுகளில் சொல்வதுண்டு. அதற்கு அடிப்படை உண்டு. 1691-இல் மாசசூசெட்ஸுக்குக் கொடுத்த அரச சாசனம், தனியாருக்குப் பட்டா ஆகாத நிலத்தில் 24 அங்குலமும் அதற்கு மேலும் விட்டமுள்ள மரங்களை அரச கடற்படைக்கு ஒதுக்கியது. எல்லாம் போர்க்கப்பலின் பாய்மரத்துக்காக. நம் காட்டு மரத்தை நாமே வெட்டக் கூடாதா என்ற கசப்பு, தேயிலை வரிக்கு வெகுகாலம் முன்பே இந்த ஊர்களில் இருந்தது.

இந்த வீட்டில் நிற்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது ஜான் ஆடம்ஸ் முதுமையில் சொன்ன ஒரு சம்பவம். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, விவசாயியாகத்தான் ஆவேன் என்று சிறுவனாக இருந்தபோது அடம்பிடித்திருக்கிறார். தந்தை திட்டவில்லை. மறுநாள் சேற்று நிலத்துக்கு அழைத்துப்போய் நாள் முழுக்கக் கோரைப்புல் அறுக்க வைத்தார். இரவில், "இப்போது என்ன சொல்கிறாய்?" என்று கேட்டார். "ரொம்பப் பிடித்திருக்கிறது" என்றான் பையன். "எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, நாளைக்குப் பள்ளிக்கூடம் போ" என்றார் டீக்கன். அந்தப் பையன் ஹார்வர்டு போனான், வழக்கறிஞரானான். பள்ளிக்கூடம் என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் எப்படிப் பிடிவாதமாக இருப்பார்களோ, அதே பிடிவாதம்.

உள்ளே இருக்கும் நாற்காலி, மேசை, பாத்திரம் ஆகியவை பெரும்பாலும் அக்கால மாதிரியில் பின்னாளில் செய்தவை. வீடு அசல், பொருள்கள் நகல் என்று மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் ரேஞ்சரிடமே கேளுங்கள். இந்தக் கேள்வி கேட்பவர்களை அவர்களுக்குப் பிடிக்கும்; மளமளவென்று சொல்வார்கள்.

ஐந்தாம் படி: பக்கத்து வீடு

இந்த வீட்டில் அவசரப்படாதீர்கள். பக்கத்து வீட்டை டீக்கன் 1744-இல் வாங்கினார். 1761-இல் அவர் இறந்தபோது அது ஜானுக்கு வந்தது. பிறந்த வீடு தம்பி பீட்டருக்குப் போயிற்று. பின்னால் 1774-இல் அதையும் ஜான் தம்பியிடமிருந்து வாங்கிக்கொண்டார். 1764 அக்டோபரில் கல்யாணமானதும் ஜானும் அபிகெயிலும் குடிவந்தது இந்தப் பக்கத்து வீட்டுக்குத்தான்.

வெளியிலேயே ஒரு வித்தியாசம் தெரியும். முன்வாசலைத் தவிர மூலையில் இன்னொரு கதவு இருக்கிறது. ஜான் கீழறை ஒன்றைத் தன் வழக்கறிஞர் அலுவலகமாக மாற்றியபோது, கட்சிக்காரர்கள் குடும்பத்தார் நடமாடும் வழியைத் தொடாமல் வந்துபோக வைத்த கதவு அது. சமையல் பின்பக்கச் சாய்ப்புக்குப் போயிற்று. ஒரு கதவை வைத்து வீட்டின் தொழிலும் குடும்பமும் எப்படிப் பிரிந்தன என்று சொல்லிவிடலாம்.

அலுவலக அறையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1779-இல் ஃபிரான்ஸிலிருந்து திரும்பி, மறுபடி கப்பல் ஏறுவதற்கு இடைப்பட்ட சில மாதங்களில், மாசசூசெட்ஸ் அரசியல் சாசனத்தின் வரைவை ஜான் ஆடம்ஸ் எழுதினார். அந்தப் பணிக்கு அவரோடு நியமிக்கப்பட்டவர்கள் சாமுவேல் ஆடம்ஸும் ஜேம்ஸ் பௌடினும். 1780-இல் அது நடைமுறைக்கு வந்தது. இன்றும் நடப்பில் இருக்கும் எழுதப்பட்ட அரசியல் சாசனங்களில் உலகிலேயே பழையது அதுதான். அமெரிக்க அரசியல் சாசனமே அதற்குப் பிந்தியது. மனிதர்களின் ஆட்சி வேண்டாம், சட்டத்தின் ஆட்சி வேண்டும் என்ற வரி அதில் இருக்கிறது. எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்ற முதல் பிரிவை வைத்து, 1781-இல் அடிமையாக இருந்த எலிசபெத் ஃப்ரீமேன் வழக்காடி விடுதலை பெற்றார். அதே ஆண்டு தொடங்கிய குவாக் வாக்கர் வழக்குகளும் சேர்ந்து மாசசூசெட்ஸில் அடிமைமுறை சட்டப்படி நிற்க முடியாமல் போயிற்று. இவ்வளவும் இந்த வரைவிலிருந்து வந்தது.

சமையலறை அபிகெயிலின் இடம். 1775 இலையுதிர் காலத்தில் வயிற்றுக்கடுப்பு நோய் ஊரெல்லாம் பரவியது. மகன் டாமிக்கு நோய், அபிகெயிலுக்கே நோய். வீட்டில் வேலைசெய்த பாட்டி (Patty) என்ற இளம்பெண் இந்தக் கூரையின் கீழேயே இறந்தாள். அக்டோபர் முதல் தேதி அபிகெயிலின் தாயாரும் இறந்தார். வீடே மருத்துவமனையாகிவிட்டது என்று கணவருக்கு எழுதினார். கணவர் 300 மைலுக்கு அப்பால் ஃபிலடெல்ஃபியாவில். பண்ணையைப் பார்த்தது, ஆள் வைத்து அறுவடை செய்தது, வரி கட்டியது, பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னது எல்லாம் இந்தப் பெண்தான். தலைவர் பிறந்த வீடு என்று பலகை வைக்கிறோம். அந்தத் தலைவரைப் பெற்று வளர்த்த பெண் இந்த வீட்டை எப்படி நடத்தினார் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு பெயரையும் ரேஞ்சரிடம் கேளுங்கள்: ஃபீபி. அபிகெயிலின் தந்தை வில்லியம் ஸ்மித் வேமத் ஊர்ப் பாதிரியார். அவர் வீட்டில் அடிமையாக இருந்தவர் ஃபீபி. 1783-இல் ஸ்மித் இறந்தபோது அவருக்கு விடுதலை கிடைத்தது. மறு ஆண்டு அபிகெயில் ஐரோப்பா புறப்பட்டபோது இந்த வீட்டை ஃபீபியிடமும் அவர் கணவர் வில்லியம் அப்டியிடமும் ஒப்படைத்துவிட்டுப் போனார். நான்கு ஆண்டுகள் இந்த வீட்டுக்கு விளக்கேற்றியவர்கள் அவர்கள். ஆடம்ஸ் தம்பதி அடிமை வைத்திருக்கவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் ஃபீபியின் பெயரைச் சேர்க்காமல் சொன்னால் கதை பாதிதான்.

நம்பக் கூடாத சில கதைகள்

பழைய வீடுகளில் சுற்றும்போது கூட வருபவர்கள் யாராவது இவற்றைச் சொல்வார்கள். கதவு தாழ்வாக இருப்பது அக்கால மனிதர்கள் குள்ளம் என்பதால் என்பார்கள். அமெரிக்காவில் பிறந்து விடுதலைப் போரில் சண்டையிட்ட வீரர்களின் சராசரி உயரம் சுமார் 5 அடி 8 அங்குலம். இன்றைய அமெரிக்க ஆண்களைவிட ஓர் அங்குலம் குறைவு, அவ்வளவுதான். தாழ்ந்த கூரை சூட்டைப் பிடித்துவைக்கும், மரமும் மிச்சம். கட்டில் குட்டையாக இருப்பது உட்கார்ந்தே தூங்கியதால் என்பதும் தவறு. உயரமான கால்களும் திரைச்சீலையும் நம் கண்ணை ஏமாற்றுகின்றன. சுவர் அலமாரிக்கு வரி போட்டார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை. பாவாடையில் தீப்பிடித்துத்தான் பெண்கள் அதிகம் இறந்தார்கள் என்பதும் அப்படியே. நோயும் பிரசவமும்தான் பெரிய காரணங்கள்.

ஆறாம் படி: பென் மேடு

வீடுகளிலிருந்து தெற்கே சிறிது தூரம் ஏறினால் பென்ஸ் ஹில் என்ற மேடு. 1775 ஜூன் 17 அன்று பாஸ்டன் பக்கத்தில் பிரிட்டிஷ் படையோடு பங்கர் ஹில் போர் நடந்தபோது, அபிகெயில் ஏழு வயது ஜான் குவின்சியைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே நின்று பார்த்தார். வடக்கே சார்ல்ஸ்டவுன் எரிந்தது. பீரங்கிச் சத்தம் இங்கே கேட்டது. அந்தச் சிறுவன் எழுபது வயது தாண்டியும் அதை மறக்காமல் எழுதினார். 1896-இல் நிறுவிய கற்குவியல் நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. இப்போது வீடுகள் நெருங்கிவிட்டன, பாஸ்டன் முன்போல் தெரியாது. இருந்தாலும் ஏறிப் பாருங்கள். குழந்தைகளோடு போனால் கட்டாயம்.

ஏழாம் படி: பெரிய வீடும் தேவாலயமும்

ஐரோப்பாவிலிருந்து 1788-இல் திரும்பிய குடும்பம் புதிதாக வாங்கிய வீட்டுக்குப் போனது. ஜான் அதற்கு வைத்த பெயர் பீஸ்ஃபீல்டு. 1731-இல் அதைக் கட்டியவர் லெனார்டு வாசல், ஜமைக்காவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்தவர். மஹாகனிப் பலகை பதித்த அறையைப் பார்க்கும்போது அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் யார் உழைத்தார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் மாளிகைகளைப் பார்த்துப் பழகிய அபிகெயிலுக்கு இந்த வீடு முதலில் குருவிக்கூடாகத் தெரிந்தது. பார்க்க வரும்போது தொப்பியில் இறகு வைக்காதே, மாப்பிள்ளையைக் குதிகால் இல்லாத செருப்போடு வரச்சொல் என்று மகளுக்கு எழுதினார். அப்புறம் அதைப் பெரிதாக்கிக் கட்டினார். தோட்டத்தில் அவர் கொண்டுவந்து நட்ட வெள்ளை யார்க் ரோஜா இன்னும் பூக்கிறது.

இங்கே நம் கேள்விக்குப் பதில் வேறு மாதிரி. நாற்காலி, ஓவியம், பீங்கான் என்று பெரும்பாலானவை குடும்பத்தின் சொந்தப் பொருள்கள். நான்கு தலைமுறை விற்காமல் வாழ்ந்துவிட்டு 1946-இல் நாட்டுக்குக் கொடுத்தார்கள். பக்கத்திலேயே 1870-இல் கட்டிய கல் நூலகம். தன் புத்தகங்களும் காகிதங்களும் தீயில் போய்விடக் கூடாது என்று ஜான் குவின்சி உயிலில் கேட்டுக்கொண்டபடி எழுந்தது.

குவின்சி சென்டருக்குத் திரும்பினால் 1828-இல் கட்டிய கருங்கல் தேவாலயம் எதிரேயே இருக்கிறது. அதன் நிலவறையில் இரண்டு அதிபர்களும் அவர்கள் மனைவியரும் அடக்கமாகியிருக்கிறார்கள். ஜான் இறந்தது 1826 ஜூலை 4, சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நாளில். அதே நாளில் வர்ஜீனியாவில் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சனும் இறந்தார்.

இதே கேள்வியோடு வர்ஜீனியா

இன்னும் சில வீடுகளைப் பார்க்க ஆசை இருந்தால் வர்ஜீனியாவுக்குப் போங்கள். அங்கே நிலைமை வேறு.

போப்ஸ் கிரீக்கில் ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த இடத்தில் அழகான செங்கல் வீடு ஒன்று நிற்கிறது. அவர் பிறந்த வீடு அது என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். அது 1931-இல் கட்டியது. உண்மையான வீடு 1779-இல் எரிந்துபோனது. எப்படி இருந்தது என்று காட்டும் படம் கிடையாது. 1930-களில் தோண்டியபோது கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய அஸ்திவாரம் வெளிப்பட்டது. அதன் வடிவத்தைத் தரையில் சிப்பி ஓடுகளால் கோடிட்டு வைத்திருக்கிறார்கள். செங்கல் வீட்டைவிட அந்தச் சிப்பிக் கோட்டின் பக்கத்தில் அதிக நேரம் நில்லுங்கள்.

ஜெஃபர்சன் பிறந்த ஷாட்வெல் வீடும் 1770-இல் எரிந்துவிட்டது, அவர் புத்தகங்களோடு சேர்த்து. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிறந்த பாஸ்டன் மில்க் தெரு வீடும் 1811-இல் தீக்கு இரையானது. மரமும் கணப்பும் சேர்ந்த வீடுகளுக்கு இதுதான் கதி. குவின்சி வீடுகள் தப்பியது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இவற்றைப் பார்த்தபின்தான் உறைக்கிறது.

ஜேம்ஸ் நதிக்கரையில் பெர்க்லி தோட்டம் மட்டும் நிற்கிறது. 1726-இல் கட்டிய செங்கல் மாளிகை. ஒன்பதாவது அதிபர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் 1773-இல் பிறந்தது அங்கேதான். மாளிகையைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அந்தத் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள், அவர்கள் பெயர் ஏதாவது பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். தோட்ட முதலாளி இறந்ததும் எடுக்கும் சொத்துப் பட்டியலில் மாடு, கட்டில், கண்ணாடியோடு மனிதர்களின் பெயரும் விலையும் எழுதுவது அங்கே வழக்கம். அப்படி ஒரு பட்டியலைப் படித்தபின் வரவேற்பறையின் வெள்ளிப் பாத்திரங்கள் வேறு மாதிரித் தெரியும்.

போகும்போது கவனிக்க

பழைய வீடுகளின் மாடிப்படி செங்குத்து, குறுகல். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நின்றுகொள்ளலாம். மேல்தளத்துக்கு எல்லா நேரமும் அனுமதியும் இருக்காது. ஜூலையில் உள்ளே புழுக்கமாக இருக்கும், தண்ணீர் கையில் இருக்கட்டும். பெரிய பை வேண்டாம். உள்ளே படம் எடுக்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சிறு பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: எத்தனை கணப்பு இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். சலிக்காமல் எல்லா அறைக்கும் வருவார்கள்.

முழு நாள் ஒதுக்கினால் எல்லாம் முடியும். அரை நாள்தான் இருக்கிறது என்றால் தேவாலயத்தை விட்டுவிடுங்கள், பிறந்த வீடுகளை விடாதீர்கள். கார் இருந்தால் பக்கத்து ஊரான வேமத்தில் அபிகெயில் பிறந்த வீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். 1685-இல் பாதிரியாருக்காகக் கட்டிய வீடு. தன் இடத்திலிருந்து நகர்த்தப்பட்டு, பின்னாளில் மீட்கப்பட்டு நிற்கிறது. சில நாட்களில் மட்டுமே திறப்பார்கள். சுதந்திரப் பிரகடனத்தில் முதலில் கையெழுத்திட்ட ஜான் ஹான்காக்கும் 1737-இல் குவின்சியில் பிறந்தவர்தான். அவர் பிறந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் 1870-களில் கட்டிய ஆடம்ஸ் அகாடமி கட்டடம் நிற்கிறது, அதில் குவின்சி வரலாற்றுச் சங்கம் இயங்குகிறது. ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். ரயிலுக்கு நேரம் இருந்தால் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.